பூனைக்கு ஓர் அறை

கடையநல்லூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நோட்டுப் புத்தகக் காகிதத்தில் நாலு பக்கம். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், போடவில்லை. விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவர் கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வந்து போகிறார். வீட்டில் இருப்பவர்கள் மாமியும், காலேஜுக்குப் போகும் மகனும், நாலு பூனைகளும். மகளை அடுத்த ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். "பிள்ளை பெறப் போகிற பெண் இருக்கிற வீட்டில் பூனை ஆகாது. நாலையும் சாக்கில் கட்டிக் கருப்பாநதி அணைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வா" என்று மாமி பேரனிடம் சொல்லிவிட்டாராம். அவனும் சாக்கை எடுத்து வைத்துவிட்டானாம்.

"ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு எனக்குத் துணை அந்த நாலும்தான். பின்கட்டில் முன்பு தறி போட்டிருந்த அறை சும்மா கிடக்கிறது. அதைப் பூனைகளுக்கென்று ஒதுக்கினால் என்ன? ஊர் சிரிக்குமா?" என்று முடித்திருக்கிறார்.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், சகோதரி. பசுவுக்குத் தொழுவம் கட்டியபோது ஊர் சிரிக்கவில்லை. கோழிக்குக் கூடு வைத்தோம், புறாவுக்கு மாடம் வைத்தோம். ஸ்கூட்டருக்குக்கூட இன்று வீட்டு முன்னால் ஒரு ஷெட் இருக்கிறது. பூனை ஒன்றுதான் வீடு முழுவதும் தனக்கென்று நினைத்துக்கொண்டு, தனக்கென்று ஓர் இடமும் இல்லாமல் நம்மோடு வாழ்கிறது. காரணம், அதை நாம் கூப்பிடவில்லை. தானியம் சேர்த்து வைத்தோம், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது, வந்தது தங்கிவிட்டது. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 வருஷங்களுக்கு முந்திய ஒரு சமாதியில் மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் உலகுக்குத் தெரிவித்தார்கள். இத்தனை காலத்துப் பந்தத்தை ஒரு சாக்குப் பையில் கட்டி முடித்துவிட முடியுமா?

சாக்குப் பை வேண்டாம்

முதலில் சாக்கு விஷயத்தைப் பேசிவிடலாம். "எங்கே விட்டாலும் பூனை பிழைத்துக்கொள்ளும்" என்று பலர் நம்புகிறார்கள். வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனை அப்படிப் பிழைப்பதில்லை. நாய் மனிதர்களோடு ஒட்டிக்கொள்ளும். பூனை மனிதர்களோடு இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தெரியாத இடத்தில் விட்டால் எங்கே தண்ணீர், எங்கே ஒளிவிடம், எந்தத் தெரு நாய் எந்நேரம் வரும் என்று ஒன்றும் தெரியாமல் பல நாள் பயந்து பட்டினி கிடக்கும். அந்த இடத்தில் முன்பே குடியிருக்கும் பூனைகள் அதை விரட்டும்.

சட்டமும் இதை ஒப்புக்கொள்வதில்லை. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அவர் 1952-ல் ராஜ்யசபை உறுப்பினரானதும் வாயில்லாப் பிராணிகளுக்காக ஒரு தனி மசோதா கொண்டுவந்தார். அதன் பலனாக 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அவரே அதற்கு முதல் தலைவர். பசியாலும் தாகத்தாலும் அவதிப்படும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமில்லாமல் கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். அணைப் பக்கம் விட்டுவிட்டு வருவதும் அதில் அடங்கும்.

இன்னொன்று. நாலைக் கொண்டுபோய் விட்டால் வீடு பூனையில்லாத வீடாகிவிடுமா? ஆகாது. அடுப்படியும் மீன் வாசனையும் இருக்கும் வரையில், காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்து சேரும். அதற்கு ஊசி போட்டிருக்கிறதா, அது என்ன தின்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. தெரிந்த பூனை நாலு, தெரியாத பூனை ஒன்றைவிட மேல்.

மாமி சொன்னதில் பாதி வாஸ்தவம்

அதற்காக மாமியின் பேச்சைத் தள்ளிவிடக் கூடாது. பெரியவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். பயம் காரணமில்லாமல் வருவதில்லை. கர்ப்பிணிகளுக்குப் பூனையால் வரக்கூடிய ஒரு தொல்லை நிஜமாகவே உண்டு.

டாக்ஸோபிளாஸ்மா என்பது ஒரு நுண்ணுயிர். 1908-ல் துனிஸ் நகரத்தில் ஒரு கொறிக்கும் பிராணியிடம் அதை முதலில் கண்டார்கள். அது பூனையின் குடலில்தான் வித்து விடுகிறது என்பது 1970-ஆம் வருஷ வாக்கில்தான் நிச்சயமாயிற்று. ஒரு பெண்ணுக்கு அது முதல் தடவையாகக் கர்ப்ப காலத்தில் தொற்றினால் கரு கலையலாம். குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். ஆகவே அலட்சியம் கூடாது.

ஆனால் முழு விவரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பூனையைத் தொட்டதாலோ, அது மடியில் படுத்ததாலோ இது வந்துவிடுவதில்லை. பூனையின் மலத்தில் வெளிவரும் வித்து எப்படியோ நம் வாய்க்குள் போனால்தான் தொற்றும். பூனைக்கு இது முதலில் பிடிக்கும்போது ஒன்று முதல் மூன்று வாரம் வரையில்தான் வித்து வெளிவருகிறது. பிறகு பெரும்பாலும் வருவதில்லை. வெளிவந்த வித்தும் உடனே தொற்றாது. முதிர்வதற்கு ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். இதிலிருந்து என்ன தெரிகிறது? தினம் தவறாமல் மலத்தை அள்ளி அப்புறப்படுத்தினால் ஆபத்தில் பெரும் பகுதி அன்றன்றே போய்விடுகிறது.

சரியாக வேகாத இறைச்சியாலும், கழுவாத காய்கறி கீரைகளாலும், தோட்டத்து மண்ணைத் தொட்ட கையோடு சாப்பிடுவதாலும் இதே தொற்று வரும். பூனையே இல்லாத வீட்டிலும் வரும். ஆகையால் பூனையை விரட்டிவிட்டு அரைவேக்காட்டுக் கறியைத் தின்பதில் பிரயோஜனமில்லை.

மகள் வீட்டுக்கு வந்ததும் கடைப்பிடிக்க வேண்டியவை இவ்வளவுதான்: பூனையின் மணற்தொட்டியை அவர் தொடக்கூடாது. வேறு ஒருவர் தினமும் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி போடக்கூடாது. பூனை வெளியே போய் எலியும் பறவையும் பிடித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாளிடம் "வீட்டில் பூனை இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேவையென்றால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்.

இந்த ஏற்பாடுகளைச் செய்ய எது வசதி? மணற்தொட்டி ஓரிடத்தில், பூனை ஓரிடத்தில், நடுவே ஒரு கதவு. அதாவது, ஓர் அறை. மாமி கேட்பதும் சகோதரி கேட்பதும் ஒரே கதவினால் நிறைவேறுகிறது. பூனைக்கு அறை என்பது ஆடம்பரமல்ல. பூனையையும் பிள்ளையையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளும் வழி.

சிங்கப்பூரைக் கேளுங்கள்

கடையநல்லூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் தூர தேசமல்ல. தலைமுறை தலைமுறையாகப் போய், தங்கள் ஊர்ப் பெயரில் அங்கே சங்கமே வைத்திருக்கிறார்கள். அங்கே பெரும்பாலோர் குடியிருப்பது அரசாங்கம் கட்டிய அடுக்கு மாடி வீடுகளில். அந்த வீடுகளில் பூனை வளர்க்கக் கூடாது என்று 1989-லிருந்து தடை இருந்தது. பூனை தன்பாட்டில் அலையும், அடுத்த வீட்டு வாசலை அசுத்தம் செய்யும், ராத்திரி கத்தும் என்பவை காரணங்கள். அப்படியும் எத்தனையோ பேர் ஒளித்து வளர்த்தார்கள்.

2024 செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் அந்தத் தடை நீங்கியது. ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வைத்துக்கொள்ளலாம். ஆனால் லைசென்ஸ் எடுக்க வேண்டும்; அடையாளத்துக்கு அரிசி மணி அளவில் ஒரு சில்லைப் பூனையின் தோலுக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும்; பூனை வெளியே போகாமலும் விழாமலும் இருக்க ஜன்னலுக்கும் வாசலுக்கும் வலை போன்ற தடுப்பு வைக்க வேண்டும். சண்டைக்கெல்லாம் மூலம் பூனையல்ல, தடுப்பில்லாத ஜன்னல்தான் என்று முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு முடிவாயிற்று. சிறு மாடி வீட்டிலேயே முடிகிறதென்றால், பின்கட்டும் முற்றமும் உள்ள நம் வீடுகளில் முடியாதா?

அறை எப்படி இருக்கலாம்?

எட்டடிக்கு எட்டடி போதும். தறி போட்டிருந்த அறை என்றால் அதைவிடப் பெரிதாகவே இருக்கும். குழித்தறியாக இருந்து குழி மூடாமல் கிடந்தால், முதலில் அதை மண் போட்டு நிரப்பி மேலே சிமெண்ட் பூசிவிடுங்கள். "குழியிலேயே மணலைக் கொட்டிப் பூனைக்கு விட்டுவிடலாமே" என்று தோன்றும். வேண்டாம். அள்ளிக் கழுவ முடியாத இடம் நாற்றத்துக்குத்தான் சௌகரியம்.

தரை வழுவழுப்பாக, தண்ணீர் ஓடிப்போகும்படி சற்றே சரிவாக இருக்கட்டும். சுவருக்கு நல்ல வெள்ளையடித்துவிடுங்கள். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போட்ட அறையானால் சித்திரை வெயிலில் அது அடுப்பாகிவிடும். ஓட்டுக்கூரையோ மட்டப்பாவோ உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஜன்னல் மிக முக்கியம். தென்காசிச் சீமையில் ஆனி, ஆடி மாதங்களில் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து சாரலையும் கூடவே அழைத்து வரும். குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்கு அது ஆனந்தம். மூடின அறைக்கு அது பூஞ்சணம். மேற்குப் பார்த்த ஜன்னலானால் சாரல் அடிக்காமல் ஒரு சரிவுத் தடுப்புப் போடுங்கள். ஜன்னல் கம்பிகளுக்கிடையே பூனை சுலபமாக நுழைந்துவிடும். தலை போனால் உடல் போகும் என்பது அதன் கணக்கு. ஆகவே நல்ல கம்பி வலை அடித்துவிடுங்கள். கொசுவலையை நம்ப வேண்டாம். ஒரு ராத்திரியில் கிழித்துவிடும்.

கதவு இரண்டு இருந்தால் உத்தமம். ஒன்று சாதாரண மரக் கதவு. மற்றொன்று மரச் சட்டத்தில் கம்பி வலை அடித்த கதவு. பகலில் மரக் கதவைத் திறந்து வைத்து, வலைக் கதவை மட்டும் சாத்திவிடுங்கள். காற்று வரும், வீட்டில் நடமாடுகிறவர்களைப் பூனை பார்த்துக்கொண்டிருக்கும், நீங்களும் போகிற போக்கில் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம். இந்த வலைக் கதவுதான் அறையைச் சிறையாகாமல் காப்பாற்றுகிறது.

உள்ளே என்ன வேண்டும்?

பூனைக்கு விஸ்தீரணத்தைவிட உயரம் பெரிது. தரையில் பத்தடி நீளம் கொடுப்பதைவிடச் சுவரில் ஐந்தடி உயரத்தில் ஒரு பலகை கொடுத்தால் அதற்குச் சந்தோஷம். ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பலகையாவது இருக்கட்டும். படி ஏறுவது போல மாறி மாறி அடியுங்கள். ஜன்னலோரம் ஒரு பலகை கட்டாயம். பழைய வீட்டில் பரண் இருந்தால் வேலை பாதி முடிந்தது. ஒரு நாளில் பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம் தூங்கும் ஜீவன். அது எங்கே படுக்கிறது என்பதுதான் அதன் வாழ்க்கையில் பாதி. ஒளிந்துகொள்ள இரண்டு அட்டைப் பெட்டிகளும் போடுங்கள்.

நகம் பிறாண்டுவது அதன் கெட்ட குணமல்ல. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், "இது என் இடம்" என்று அடையாளம் வைக்கவும் அப்படிச் செய்கிறது. மூன்றடி உயரத்துக்கு ஒரு கட்டையை ஆடாமல் நிறுத்தி, தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். சோபா பிழைக்கும்.

மணற்தொட்டிக்கு அகலமான பிளாஸ்டிக் பேசின் போதும். பூனை நின்று திரும்பும் அளவு அகலம் வேண்டும். பூனை எத்தனையோ அதற்கு ஒன்று கூட என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. நாலு பூனைக்கு ஐந்து தொட்டி. ஐந்தையும் வரிசையாக வைத்தால் பூனை அதை ஒரே இடமாகத்தான் எண்ணும்; மூலைக்கு மூலை பிரித்து வையுங்கள். காய்ந்த சுத்தமான மணலோ, மரத்தூளோ, கடையில் விற்கும் பூனை மண்ணோ இரண்டு அங்குல உயரத்துக்குப் போடலாம். சாப்பாட்டுத் தட்டு அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். நாம் அந்த இடத்தில் சாப்பிட மாட்டோம், பூனையும் சாப்பிடாது. தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டை விட்டுச் சற்றுத் தள்ளி மண் சட்டியில் வையுங்கள். சில்லென்றும் இருக்கும், கவிழவும் கவிழாது.

அள்ளியதைக் காகிதத்தில் மடித்துக் குப்பையோடு சேர்த்துவிடுங்கள். கீரைப் பாத்திக்கு உரம் என்று போட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன வித்து அங்கேதான் காத்திருக்கும்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை

அறை சுத்தமாக இருக்க வேண்டுமென்று பினாயிலை ஊற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. பூனை அறையில் அது கூடவே கூடாது. பினாயிலில் இருக்கும் சரக்கை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. தரையில் மிதித்த காலை நக்கும், விஷம் ஏறும். சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் போதும். மூத்திரத்தின் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள். இரண்டும் கலந்தால் மூச்சைப் பிடிக்கும் வாயு கிளம்பும்.

அந்துருண்டையும் விஷம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒன்றுகூடப் பூனையைக் கொன்றுவிடும்; இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஜாடியில் லில்லிப் பூ வைக்கிற வீடுகளில் அதன் இதழையோ மகரந்தத்தையோ பூனை நக்கினால் சிறுநீரகம் கெட்டுப்போகும். ஊசி நூல், தறி நூல், பரிசுப் பொட்டலத்து ரிப்பன் எதுவும் அறையில் கிடக்கக் கூடாது. நூலை விளையாட்டாக விழுங்கும்; அது குடலைச் சுருக்குப் பை போல இழுத்துவிடும்.

சாப்பாட்டில் இரண்டு தவறான அபிப்பிராயங்கள் நம்மிடையே உண்டு. ஒன்று, பூனைக்குப் பால்தான் ஆகாரம் என்பது. குட்டி வயசு தாண்டியதும் பல பூனைகளுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். மற்றொன்று, தயிர்ச் சாதத்தில் வளர்த்துவிடலாம் என்பது. டாரின் என்ற சத்துப் பூனைக்கு மீனிலும் இறைச்சியிலும்தான் கிடைக்கிறது. அது குறைந்தால் இதயம் வீங்கித் தளர்ந்துவிடும் என்று 1987-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். கண் பார்வையும் போகும். வேகவைத்து முள் எடுத்த மீனும் எலும்பு நீக்கிய கோழியும் கொடுங்கள். கடையில் விற்கும் பூனைத் தீவனத்தில் டாரின் சேர்த்திருக்கிறார்கள்; அதையும் கலந்து கொடுப்பது நல்லது. குழம்பிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்; வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்தைக் கெடுக்கும்.

அறைக்கு முன்னால் ஆஸ்பத்திரி

தச்சரைக் கூப்பிடுவதற்கு முன் கால்நடை வைத்தியரைப் பாருங்கள். பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். வருஷத்தில் இரண்டு மூன்று ஈற்று. நாலில் இரண்டு பெட்டையாக இருந்தால், பேரப் பிள்ளை தவழ்வதற்குள் உங்கள் அறைக்கு அடுத்த அறையும் வேண்டியிருக்கும். ஆகவே கருத்தடை ஆபரேஷன் முதல் வேலை. கடுவனுக்கும் செய்ய வேண்டும். செய்தால் சண்டையும், ராத்திரிக் கூச்சலும், சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சுகிற வழக்கமும் வெகுவாகக் குறையும்.

கூடவே வெறிநோய்த் தடுப்பூசி. நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் வெறிநோய் வரும். அதனிடமிருந்து நமக்கும் வரும். மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி. பிறகு வைத்தியர் சொல்கிறபடி வருஷா வருஷம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளூர் அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் முதலில் விசாரியுங்கள். அங்கே ஆகாத வைத்தியத்துக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அறையா, சிறையா?

எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று நாலையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடாதீர்கள். கதவைத் திறந்து வைத்து, முதல் வாரம் சாப்பாட்டை மட்டும் அங்கே வையுங்கள். இரண்டாம் வாரம் அவை படுக்கும் பழைய துணியை அங்கே போடுங்கள். துவைக்காமலே போடுங்கள், அதில்தான் அவற்றின் வாசனை இருக்கும். பிறகு ராத்திரி மட்டும் கதவைச் சாத்துங்கள். மகள் வர இரண்டு மாதம் இருக்கிறது, அவசரமில்லை. அவர் வந்து சேரும்போது பூனைகள் அந்த அறையைத் தங்களுடையதென்று முடிவு செய்துவிட்டிருக்கும்.

அடைத்துவிட்டோமே, பிறகென்ன என்று மறந்துவிடவும் கூடாது. ஒரு பெண் ஒரு பூனையைப் பிடித்து அடைத்து வைத்து, தானும் தீனி போடாமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்டதற்காகத் தண்டனைக்கு ஆளானாள் என்று நபிமொழித் தொகுப்புகளில் ஒரு செய்தி உண்டு. நபித்தோழர் அபூஹுரைராவின் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்றுதான் அர்த்தம் என்பதையும் மாமி அறிந்திருப்பார். எந்த மதத்தவராயினும் இதில் பாடம் ஒன்றுதான்: அடைத்து வைத்தவருக்குப் பொறுப்பு இரண்டு மடங்கு. காலையும் மாலையும் கால் மணி நேரம் உள்ளே போய் உட்காருங்கள். ஒரு குச்சியில் இறகைக் கட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டுங்கள்.

குழந்தை பிறந்த பிறகும் அறை உதவும். பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்பது கட்டுக்கதை. ஆனால் கதகதப்பான இடத்தைத் தேடித் தொட்டிலில் ஏறி முகத்தோரம் படுத்துவிடலாம். ஆகவே குழந்தை தூங்கும் நேரத்தில் பூனை தன் அறையில் இருக்கட்டும். ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே வரட்டும். யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் டாக்டர் யோசனையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தும்மலுக்குக் காரணம் பூனையின் முடியல்ல. அதன் எச்சிலிலும் தோல் பொடுகிலும் உள்ள ஒரு புரதம். படுக்கையறைக்குள் பூனை வராதிருந்தாலே தும்மல் குறைவதுண்டு.

இவ்வளவையும் யார் செய்வது? "பெண்பிள்ளைகள் தலையில் இன்னொரு வேலையா?" என்று கேட்கிறீர்களே, நியாயம். சாக்கை எடுத்து வைத்த அதே மகன் கையில் மணல் அள்ளும் கரண்டியைக் கொடுங்கள். காலையில் காலேஜுக்குப் புறப்படுமுன் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம். அக்காவின் பிரசவத்துக்கு அவன் செய்யும் உபகாரமும் இதுதான்.

கடைசியாக ஒரு வார்த்தை, இது கடையநல்லூர்ச் சகோதரிக்கு மட்டுமல்ல. வீட்டில் யாருக்கு எந்த மூலை என்று பிரித்துக் கொடுப்பவள் குடும்பத் தலைவி. மாமியாருக்குக் காற்றோட்டமான கட்டில், பையனுக்குப் படிக்கும் மேஜை, வரப்போகும் குழந்தைக்குத் தொட்டில் என்று எல்லாருக்கும் இடம் பார்க்கிறாள். அவள் மனசுக்குப் பிடித்தது பூனையாக இருக்கலாம், செடியாக இருக்கலாம், வீணையாக இருக்கலாம். அதற்கு ஓர் எட்டடி இடத்தை அவள் கேட்கும்போது மட்டும் வீட்டில் ஏனோ எல்லாருக்கும் சிரிப்பு வருகிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் ஒரு நாடாவை எடுத்து ஜன்னலை அளந்து, வலைக்கு எத்தனை அடி வேண்டுமென்று இன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் பூனைக்கு இடம் ஒதுக்கியிருந்தால், என்ன செய்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள். உபயோகமானவற்றை இந்தப் பகுதியில் மற்ற சகோதரிகளுக்கும் சொல்லுகிறேன்.